ஆண்டுக்கு ஆண்டு கேட்டு வாங்கும் விஞ்ஞானம்



அறக்கட்டளைக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘இலங்கையில் விஞ்ஞான ஆராய்ச்சியின் நிலை’ என்பது. ஒரு மணித்தியாலத்துக்குள் அது அடங்காது. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பணம். யார் தருகிறார்கள், எப்போது தருகிறார்கள், எத்தனை காலத்துக்குத் தருகிறார்கள் என்பது. விஞ்ஞானி மேடையேறிப் பணத்தைப் பற்றிப் பேசுவது அழகில்லை என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. ஆய்வுகூடத்துத் தேநீர் நேரத்தில் நாங்கள் பெரும்பாலும் பேசுவது அதைத்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இலக்கத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி முடித்துவிடலாம். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது ஏறத்தாழ 0.1 வீதம். நூறு ரூபா உழைக்கிற வீட்டில் பத்துச் சதம். பத்துச் சதக் குத்தி இப்போது புழக்கத்திலேயே இல்லை. இந்தியாவின் விகிதம் இதைப்போல் ஆறு மடங்கு; அதுவே போதாதென்று அங்குள்ளவர்கள் குறைப்படுகிறார்கள். இஸ்ரேலின் சனத்தொகை நம்முடையதில் பாதிக்கும் குறைவு. அங்கே ஐந்து வீதத்துக்கும் மேல். ஆகவே, நாடு சிறிது, அதனால் ஆராய்ச்சிக்கு வழியில்லை என்ற சமாதானம் எடுபடாது. ‘அறுபதுகளில் கொரியா எங்களுக்குப் பின்னால் நின்றது’ என்ற வசனத்தை மட்டும் நான் சொல்லப் போவதில்லை. இந்த நாட்டில் அதைக் கேட்காத மண்டபம் கிடையாது. அதைச் சொல்லி ஒரு சதமும் கூடி வந்ததில்லை.

ஒரு வீதத்தை எட்டுவோம் என்று அரசாங்க ஆவணங்கள் பல தடவை இலக்கு எழுதியிருக்கின்றன. 2012-இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள், கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு வீதம் ஒதுக்கு என்று கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு என்ற இலக்கம் சுவரொட்டியிலும் மேற்சட்டையிலும் ஏறியது. வரவு செலவுத் திட்டத்தில் ஏறவில்லை. கோரிக்கை நியாயமானது, ஆனால் வீதக் கணக்கை வைத்து மட்டும் போராடும்போது ஒரு விடயம் மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். பணம் குறைவு என்பது தெரிந்த சங்கதி. அதைவிட மோசமானது அதன் ஆயுள். நம்முடைய ஆராய்ச்சிப் பணம் சனவரியில் பிறந்து திசெம்பரில் சாகிறது. அடுத்த சனவரியில் அது பிறக்குமா என்பது திறைசேரியின் மனநிலையைப் பொறுத்தது. ஒரு தென்னை காய்க்கவே ஐந்தாறு ஆண்டு வேண்டும். ஒரு நெல்லினம் வயலுக்கு வர அதைவிடக் கூடச் செல்லும். பன்னிரண்டு மாதப் பணத்தை வைத்து இவற்றை ஆராய்வது எப்படி?

இந்தத் தீவில் இதற்கு விடை கண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்று பார்க்க 1869-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்ற பூஞ்சணவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார்: ஹெமிலியா வஸ்தாத்திரிக்ஸ். துவெயிற்ஸ் எச்சரித்தார், தோட்டத் துரைமார் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பிக்கு அப்போது நல்ல விலை. மேலும் மேலும் காட்டை வெட்டி நட்டுக்கொண்டே போனார்கள். நோய் தொடங்கிப் பதினொரு ஆண்டு கழித்து, 1880-இல், மார்ஷல் வோர்ட் என்ற இளம் விஞ்ஞானியை அரசு தருவித்தது. அவர் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இலைக்குள் அவை எப்படிப் புகுகின்றன, எப்போது முளைக்கின்றன என்பதை நுணுக்குக்காட்டியில் வைத்து வரைந்தார். மலை முழுவதும் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்குப் பாதை போட்டது என்றும் சொன்னார். துரைமார் கேட்டதோ மருந்து. வோர்ட்டிடம் மருந்து இருக்கவில்லை. 1882-இல் அவர் திரும்பிப் போனார். நோயின் முழு வரலாறு கையில் கிடைத்தபோது கோப்பி போய்விட்டிருந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கிளைக்கதை உண்டு. 1884-இல் ஒறியண்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கொடுத்த கடனும் அதை முறித்த காரணங்களில் ஒன்று. அந்த வங்கியின் தாள்தான் அன்று இங்கே பெருமளவு புழங்கிய காசு. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தைக் கொடுத்து நிலைமையைச் சமாளித்தார். அதைத் தொடர்ந்தே இலங்கை அரசு தன் சொந்த நாணயத்தாளை அச்சிடத் தொடங்கியது. இலையில் படிந்த ஒரு பூஞ்சணம் நாட்டின் நாணய முறையையே மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது ஆடம்பரம் என்று நினைக்கும் நிதி அதிகாரிகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. தோட்டக்காரர்களுக்கு அந்தப் பழைய பயம் ஒரு தலைமுறை கழிந்தும் போகவில்லை என்றே நினைக்கிறேன். 1925-இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தைத் தொடங்கியபோது பணத்துக்கு அவர்கள் செய்த ஏற்பாடு என் மதிப்பில் இந்த நாட்டு விஞ்ஞான வரலாற்றின் மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஏற்றுமதியாகும் தேயிலையில் நிறைக்கு இவ்வளவு என்று ஒரு செஸ் வரி; அந்தப் பணம் ஆராய்ச்சிக்கு. விலைக்கு அல்ல, நிறைக்கு. சந்தையில் விலை சரிந்தாலும் கப்பலில் தேயிலை ஏறும்வரை நிறுவகத்துக்குக் காசு வரும். நுவரெலியாவில் தொடங்கிய நிறுவகம் பிறகு தலவாக்கலையில் சென். கூம்ஸ் தோட்டத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். தேயிலையில் இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு உண்டு. தேயிலைத் தோர்த்திரிக்ஸ் என்பார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் பெரிய தொல்லை. நிறுவகத்தின் பூச்சியியலாளர்கள் ஜாவாவில் இந்தப் புழுவின் உடலுக்குள் முட்டையிடும் ஒரு சிறு குளவியைக் கண்டு, 1935-36-இல் அதை இங்கே கொண்டுவந்து வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். மக்ரோசென்றஸ் என்பது அதன் பெயர். நுளம்பைவிடக் கொஞ்சம் பெரிது, கொட்டாது. சில ஆண்டுகளில் தோர்த்திரிக்ஸ் ஒரு பொருட்டில்லாத பூச்சியாகிவிட்டது. அது உலகப் பொருளாதார மந்தத்தின் காலம் என்பதைக் கவனியுங்கள். ஆண்டு தோறும் திறைசேரியிடம் கையேந்தும் நிறுவனமாக இருந்திருந்தால், ஜாவாவுக்குக் குளவி தேட ஆள் அனுப்பும் செலவைத்தான் முதலில் வெட்டியிருப்பார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. ஐம்பதுகளில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்டிரின் தெளித்தார்கள். வண்டு செத்ததோ இல்லையோ, குளவி செத்தது. இருபது ஆண்டு அடங்கிக் கிடந்த தோர்த்திரிக்ஸ் மறுபடி தலைதூக்கியது. ஏன் என்று கண்டுபிடிக்க அங்கே ஆள் இருந்தது. பழைய பதிவேடும் இருந்தது. டீல்டிரினைக் கைவிட்டார்கள். குளவி மிச்சப்படுத்திக் கொடுத்த பணம் எந்தக் கணக்காய்வு அறிக்கையிலும் வராது. நடக்காமல் போன நட்டத்துக்குக் கணக்கில் நிரல் கிடையாது.

இந்த ஏற்பாட்டை நான் புகழ்வதால் அதன் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். செஸ் வரி கட்டியது கம்பனிகள் என்று ஏடு சொல்லும். அந்த நிறை எந்தக் கையால் கூடைக்குள் விழுந்தது என்று நமக்குத் தெரியும். 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் கையால். தேயிலைச் செடியின் வேர் என்ன உறிஞ்சுகிறது என்று கேட்க அந்தப் பணத்தில் விஞ்ஞானி இருந்தார். லயத்துக் காம்பராவில் பிள்ளை ஏன் நிறை குறைந்து பிறக்கிறது என்று கேட்க அந்தப் பணத்தில் யாரும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் கேள்வியும் வரும். செஸ்ஸின் பலவீனம் அதுதான். விலைபோகும் பொருளை மட்டும் அது ஆராயும்.

ஆகவே சுதந்திரத்துக்குப் பின் அரசு தலையிட்டதில் நியாயம் இருந்தது. உலக வங்கிக் குழுவொன்றின் ஆலோசனையின் பேரில் 1955-இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் வந்தது. 1968-இல் தேசிய விஞ்ஞானப் பேரவை. 1981-இல் அது இயற்கை வளங்கள், எரிசக்தி, விஞ்ஞான அதிகாரசபை ஆனது. 1994-இல் ஒரு சட்டம். அதன் பயனாக 1998-இல் இப்போதுள்ள தேசிய விஞ்ஞான மன்றம். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு நல்ல காலம். நடுவில் 1981-இல் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் தோன்றியது. நாசாவில் பணிபுரிந்து, அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்ட சிறில் பொன்னம்பெருமவை அதற்குப் பணிப்பாளராக அழைத்து வந்தார்கள். அவர் சனாதிபதிக்கும் விஞ்ஞான ஆலோசகர். பெரிய மனிதர் ஒருவர் இருந்தால் கதவுகள் திறக்கும். அவர் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஒரு மனிதரின் செல்வாக்கில் ஓடும் பணம் நிறுவனத்தின் பணமாகாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அரசுப் பணம் எதுவும் செய்யவில்லை என்று யாரும் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1952-இலிருந்து இயங்குகிறது. இன்று நாட்டு வயல்களில் ஏறத்தாழ முழுவதும் விளைவது இந்த நாட்டிலேயே இனவிருத்தி செய்த நெல். கீரிச்சம்பா என்று கல்யாண வீட்டில் நாம் தேடிச் சாப்பிடும் அரிசி பி.ஜி. 360; பத்தலகொடையின் பிள்ளை. அங்கே பணம் தாராளமாக இருந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் அரிசி அரசியல் என்பதால் எந்த அரசாங்கமும் அதை முற்றாக நிறுத்தத் துணியவில்லை. சிறுபோகம், பெரும்போகம், மறுபடி சிறுபோகம் என்று அறுந்துவிடாமல் வேலை ஓடியது. எனக்கு வேண்டியது அந்த அறுந்துவிடாமை.

அறுந்தால் என்ன ஆகும் என்பதை அண்மைக் காலத்தில் பார்த்தோம். 2008-இல் அரசும் உள்ளூர்க் கம்பனிகள் சிலவும் சேர்ந்து நானோ தொழில்நுட்ப நிறுவகம் ஒன்றை அமைத்தன. நமது பெரிய உற்சாகங்களில் அதுவும் ஒன்று. நல்ல பலனும் தந்தது. அங்கேயும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த ஆய்வாளர்கள் யூரியாவை, பல்லிலும் எலும்பிலும் உள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனிமத்தின் நுண்துகள்களோடு பிணைத்தார்கள். மண்ணில் போட்டதும் கரைந்து ஓடிவிடாமல் அந்த யூரியா மெல்ல மெல்ல வெளிவரும். வயலில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை. 2017-இல் ‘ஏ.சி.எஸ். நானோ’ சஞ்சிகையில் கட்டுரை வந்தது. சோதனை நடந்தது வேறெங்கும் அல்ல, நம் நாட்டு வயலில்.

நான்கு ஆண்டு கழித்து, 2021-இல், இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடை செய்தது. வேளாண் விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து எச்சரித்தார்கள். எச்சரித்தவர்களில் முன்னணியில் நின்ற ஒரு பேராசிரியர் அரசுக் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். யூரியாவைப் பாதியாக்கும் வழியை நாமே கண்டிருந்தும், பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது திரவ நானோ நைதரசன். இரண்டும் ஒரே தொழில்நுட்பம் அல்ல. ஒன்றை மற்றது திருடியதென்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டுரைக்கும் விவசாயியின் பசளைப் பைக்கும் இடையே ஒரு பத்தாண்டு வேலை கிடக்கிறது: பெரிய அளவில் தயாரித்துப் பார்ப்பது, பல மண்ணில் பல போகம் போட்டுப் பார்ப்பது, விலையைக் குறைப்பது. அந்த வேலையில் புதுமை கிடையாது. சஞ்சிகையில் இடம் கிடைக்காது. அதனால் மானியமும் கிடைக்காது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மறு ஆண்டு நெல் உற்பத்தி மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்தது.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றை இங்குள்ள மாணவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். இரசாயனப் பசளைக்குப் பதிலாகச் சீனாவிலிருந்து சேதனப் பசளை வாங்க ஒப்பந்தமானது. கப்பல் புறப்படுமுன் மாதிரிகள் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சேவையின் ஆய்வுகூடத்துக்கு வந்தன. அங்கே என்ன செய்வார்கள்? பசளையில் ஒரு சிட்டிகை எடுத்து, கிருமியற்ற நீரில் கலக்கி, பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று ஐதாக்கி, போசணை ஊடகம் ஊற்றிய பெத்திரிக் கிண்ணத்தில் ஒரு துளி விட்டுப் பரப்புவார்கள். மூடி, நாடாவால் ஒட்டி, பேனையால் திகதி எழுதி, அடைகாப்பானில் வைப்பார்கள். நன்றாகக் கிருமியழித்த பசளையென்றால் மறுநாள் கிண்ணம் வெறுமையாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. பயிரை அழுகவைக்கும் எர்வீனியா உள்ளிட்ட பற்றீரியாக்கள் வளர்ந்திருந்ததாக அறிக்கை எழுதினார்கள். கம்பனி அதை மறுத்தது. சேவையிடமே எண்பது இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டது. இருபதாயிரம் தொன் பசளையோடு கப்பல் இந்து சமுத்திரத்தில் வாரக்கணக்காகச் சுற்றியது. காசு கொடுக்காத அரச வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. இவ்வளவுக்கும் அந்த அறிக்கையை எழுதியவர்கள் அரச சம்பளத்தில் இருந்த சிலர். அவர்கள் பின்வாங்கவில்லை.

கடைசியில் 2022 சனவரியில், இறக்காத பசளைக்கு இலங்கை 67 இலட்சம் டொலர் கொடுத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 134 கோடி ரூபா. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருக்கு இருபது இலட்சம் ரூபா மானியம் கிடைத்தால் துறைக்கே கொண்டாட்டம். அப்படி 670 மானியம் கொடுக்கலாம். ஆய்வுகூடத்தின் சொல்லைக் கேட்டதால் வந்த செலவு என்று சிலர் சொன்னார்கள். விஞ்ஞானிகளைக் கேளாமல் ஒரே இரவில் பசளைக் கொள்கையை மாற்றியதால் வந்த செலவு என்பது என் கணக்கு.

இனி 2022. இருபது இலட்சம் என்றேன் அல்லவா? அந்த ஆண்டின் தொடக்கத்தில் டொலருக்கு ரூபா இருநூறு. மே மாதத்தில் முந்நூற்று அறுபது. பத்தாயிரம் டொலர் பெறுமதியான மானியம் ஐயாயிரத்துச் சொச்சமாகியது. மானியக் கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நொதியங்கள், வேதிப்பொருட்கள், வடிதாள் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. மூன்று விலைமனு எடுத்து, கொள்வனவுக் குழு கூடி, ஒப்பம் வாங்கி முடிய விலைமனுவின் செல்லுபடிக் காலம் முடிந்திருக்கும், திரும்பவும் முதலிலிருந்து. வங்கியில் டொலர் இல்லாததால் கடனுறுதிக் கடிதம் திறக்க முடியாது. மார்ச் கடைசியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுகூடத்தில் சுழியத்துக்குக் கீழ் எண்பது பாகையில் வைத்திருந்த மண் பற்றீரியாத் தொகுதி அத்தனையும் உறைகுளிரூட்டியில் கிடந்தது. மின்பிறப்பாக்கி இருந்தது, டீசல் இல்லை. கதவைத் திறக்காதே என்று எழுதி ஒட்டிவிட்டு, அந்த ஆய்வுகூடத்து மாணவப் பிள்ளைகள் முறைவைத்து இரவில் வந்து வெப்பநிலை எழுதிக்கொண்டிருந்தார்கள். சில வகைகள் தப்பின. தப்பாதவற்றுக்கு எந்தக் காப்புறுதியும் கிடையாது.

அந்தப் பிள்ளைகளில் இருவர் இப்போது கனடாவில். அரச ஊழியர்கள் சம்பளமின்றி ஐந்து ஆண்டு வரை வெளிநாடு போகலாம் என்று அதே ஆண்டு அரசே அனுமதித்தது. டொலர் அனுப்புவார்கள் என்ற எதிர்பார்ப்பு. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியில் பாலர் வகுப்பிலிருந்து முதற்பட்டம் வரை ஒரு பிள்ளையைப் படிப்பிக்க நாடு செலவழிக்கிறது. அந்தப் பிள்ளை ஆராய்ச்சி செய்யத் தகுதியாகிற அன்று நாட்டிடம் காசு முடிந்துவிடுகிறது. மிச்சச் செலவை வேறொரு நாடு ஏற்று, விளைவையும் எடுத்துக்கொள்கிறது. போகிறவர்களை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டுப் பணம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது இல்லாவிட்டால் பல துறைகளில் விளக்கே எரியாது. ஆனால் கேள்வியும் சேர்ந்தே வரும். இது புதிதல்ல. நம் ஆனந்த குமாரசுவாமி கலைக்குள் போவதற்கு முன் புவிச்சரிதவியலாளர். 1903-இலிருந்து இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளர். 1904-இல் இங்குள்ள ஆற்றுச் சரளையில் கிடைத்த ஒரு கருங்கனியத்தை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார்; அது புதிய கனியம் என்று பிறகு இங்கிலாந்தில் அறிந்தார்கள். தோரியனைற்று என்று அதற்குப் பெயராயிற்று. கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியின் விடிகாலை அது. லண்டனில் வில்லியம் ராம்சே அந்தக் கனியத்தை வாங்கினார். அவரிடம் வேலை பழக வந்த ஒற்றோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர் அதிலிருந்து எடுத்த உப்பில் கதிர்த்தோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் கருப்பிளவைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற அதே ஹான். கல் நம்முடையது, கண்டுபிடிப்பு அங்கே நடந்தது. இங்கே அதைப் பிரித்துப் பார்க்க ஆய்வுகூடம் இல்லை. இன்றைக்கும் நம் மாணவர் குருதி, மண், தண்ணீர் என்று மாதிரி சேர்த்துப் பொதிசெய்து அனுப்பும்போது எனக்கு அந்தக் கல் ஞாபகம் வரும். கட்டுரையில் மூன்றாம், நான்காம் பெயராக நம்மவர் பெயரும் இருக்கும். நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எவரும் கேட்காத கேள்விகள் நம்மிடம் இருக்கின்றன. பனங்களி ஏன் கசக்கிறது என்று எந்தப் பணக்கார நாடும் கேட்காது. அந்தக் கசப்புக்கு ஃபிளாபெலிஃபெரின் என்ற சேர்வைதான் காரணம் என்பதையும், தோடம்பழச் சாற்றின் கசப்பை நீக்கும் நொதியத்தாலேயே இதையும் நீக்கலாம் என்பதையும் பெரும்பாலும் இலங்கை ஆய்வுகூடங்கள்தான் கண்டறிந்தன. தேயிலைக்கு 1925-இல் நிறுவகம் வந்தது; தென்னைக்கு 1929-இல். பனைக்கு அபிவிருத்திச் சபையே 1978-இல்தான். கைதடியில் ஆராய்ச்சி நிலையம் அதற்கும் பின்னர். கப்பலில் ஏறாத மரத்துக்குச் செஸ் இல்லை.

கடைசியாகக் கிணறு. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் வருகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் போட்ட பசளையும் அதே வழியாக இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது எண்பதுகளிலிருந்தே ஆய்வுகளில் வருகிறது. ஆனால் இந்த ஆய்வுகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒருவருக்கு முதுமாணிப் பட்டத்துக்கு ஒரு மாரி, இன்னொருவருக்கு மானியம் இருந்த இரண்டு ஆண்டு, நடுவில் யுத்தம், பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் எட்டு மாதம். கிணறுகளும் வேறு வேறு. சுன்னாகத்துக் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது என்ற பிரச்சினை எழுந்தபோது குழுவுக்குக் குழு முடிவு மாறியது. முந்தைய இருபது ஆண்டில் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்ட ஒரே கிணற்றின் தொடர்ச்சியான பதிவு ஒருவர் கையிலும் இருக்கவில்லை. மக்கள் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினார்கள்.

இந்த அறக்கட்டளையின் மூலதனம் வங்கியில் இருக்கிறது. செலவாவது வட்டி மட்டும். சிறிய தொகைதான். ஆனால் திசெம்பரில் சாகாத பணம். இந்த ஊரில் அப்படிப்பட்ட பணம் மிகக் குறைவு. அதில் ஆண்டுக்கொரு சொற்பொழிவும் ஒரு பதக்கமும் நடக்கின்றன. இதைச் சொல்வது விருந்தாளிக்கு முறையோ தெரியாது: சொற்பொழிவை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தில் வலிகாமத்தில் இருபது கிணற்றைத் தெரிந்தெடுத்து, மாதம் ஒருமுறை நீர்மட்டம், மின்கடத்துதிறன், நைத்திரேற்று மூன்றையும் அளந்து எழுதுவோம். இருபது ஆண்டுக்கு. கருவிகளில் பெரும்பாலானவை பாடசாலை ஆய்வுகூடங்களிலேயே இருக்கின்றன. உயர்தர மாணவரும் ஒரு இரசாயன ஆசிரியரும் செய்யக்கூடிய வேலை. கட்டுரையாக எதுவும் ஐந்தாறு ஆண்டுக்கு வராது. யாருக்கும் பதவி உயர்வு கிடைக்காது. அதனால்தான் இதை எந்த மானியக் குழுவிடமும் கேட்க முடியாது, உங்களிடம் கேட்கிறேன்.

வரைவு ஒன்றை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பதிவேட்டின் இரண்டு பிரதிகள் இரண்டு வேறு கட்டடங்களில் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. யாழ்ப்பாணத்தில் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓகஸ்டில் பாடசாலை விடுமுறை, உயர்தரப் பரீட்சை நடக்கும் வாரங்கள், இந்தக் காலங்களில் கிணற்றுக்குப் போக யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். கேள்வி நேரத்தில் அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.